பன்யுமாஸில் மாமனார் வயலைப் பதிவு செய்த வழி

நடு ஜாவாவில் பன்யுமாஸ் பக்கம், ஸ்லாமெத் மலையின் தெற்குச் சரிவில் உள்ள கிராமங்களில் பல வயல்களுக்கு இன்னும் நிலச் சான்றிதழ் கிடையாது. கிராம அலுவலகத்தில் இருக்கும் ‘லெத்தர் சே’ எனும் பழைய நிலப் பேரேட்டில் ஒரு பக்கம், வருடா வருடம் வரும் வரிச்சீட்டு, அவ்வளவுதான் ஆதாரம். 2021-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் அரசு விதி இந்தப் பழைய ஆதாரங்களைப் பதிவுக்குக் கொண்டுவர ஐந்தாண்டுத் தவணை கொடுத்தது. அந்தக் கணக்கு 2026 பிப்ரவரி 2 வரை. தவணை தாண்டினாலும் நிலம் பறிபோகாது. ஆனால் லெத்தர் சே உரிமைக்கான ஆதாரமாக நிற்காது, பதிவுக்கு உதவும் குறிப்பாக மட்டுமே நிற்கும். மனைவி இந்தோனேசியர், கணவர் வெளிநாட்டவர், நிலம் மாமனார் வழி வந்தது என்ற நிலையில் நாங்கள் போன வழியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் திருமண ஒப்பந்தம். 1960-ஆம் ஆண்டு நிலச் சட்டத்தின் 21-ஆவது பிரிவுப்படி ‘ஹாக் மிலிக்’ எனும் முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம் இல்லாவிட்டால், மனைவி காசு கொடுத்து வாங்கும் நிலத்தில் வெளிநாட்டுக் கணவருக்கும் பங்கு வந்துவிடும், அதனால் பதிவு நின்றுபோகும். முன்பெல்லாம் திருமணத்துக்கு முன்பே ஒப்பந்தம் எழுதியாக வேண்டும். 2016 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, திருமணமாகி எத்தனை வருடமானாலும் நோத்தாரிஸிடம் (ஆவணங்கள் எழுதும் நோட்டரி) எழுதலாம். எழுதினால் மட்டும் போதாது. முஸ்லிம்கள் சமய விவகார அலுவலகத்திலும், மற்றவர்கள் குடிமைப் பதிவு அலுவலகத்திலும் அதைப் பதிய வேண்டும்.

வாரிசாக வரும் சொத்து கூட்டுச் சொத்தில் சேராது என்று 1974 திருமணச் சட்டத்தின் 35-ஆவது பிரிவே சொல்கிறது. பின் எதற்கு ஒப்பந்தம்? அண்ணன் தம்பிகளின் பங்கைப் பணம் கொடுத்து வாங்கிய உடனே அது வாரிசுச் சொத்து இல்லை, கிரயச் சொத்து. கிராமத்தில் பெரும்பாலும் அப்படித்தான் முடிகிறது.

இந்த வம்பெல்லாம் வேண்டாம், ஊர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்கிப் போட்டுவிடலாம் என்று தரகர் யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அதே நிலச் சட்டத்தின் 26-ஆவது பிரிவுப்படி அந்த ஏற்பாடு செல்லாது. நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணமும் திரும்பாது.

அடுத்தது லெத்தர் சே. ஓரம் நைந்த பெரிய பேரேடு அது. ஒரு பக்கம் ஒரு ஆளுக்கு. மேலே பெயரும் சே எண்ணும் (பேரேட்டில் அவருடைய எண்), கீழே நஞ்சை ஒரு புறம், புஞ்சை ஒரு புறம். ஒவ்வொரு வரியிலும் பெர்சில் எண் (நிலத்துண்டின் எண்), நிலத்தின் தரம், பரப்பு, பழைய வரி, கடைசிக் கட்டத்தில் மாறிய தேதியும் காரணமும். விற்றதோ, பிள்ளைக்கு எழுதியதோ, அந்த வரியை அடித்துவிட்டு எந்த சே எண்ணுக்குப் போனது என்று எழுதியிருப்பார்கள். உங்கள் வரி அடிபடாமல் இருக்கிறதா, கடைசிக் கட்டம் காலியா என்று நேரில் பாருங்கள். கிராமத் தலைவர் கையெழுத்திட்ட நகல் மட்டும் பார்த்து நம்ப வேண்டாம், நகலில் ஒற்றை வரியைத்தான் எடுத்து எழுதுவார்கள். அந்த நிலம் ‘பெங்கோக்’ இல்லை என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். பெங்கோக் என்பது கிராம அதிகாரிகளுக்குச் சம்பளத்துக்குப் பதில் விடப்பட்ட நிலம். குத்தகைக்குக் கிடைக்கும், சொந்தமாகாது.

வேலை இழுத்தது பெயரில். ஜாவாவில் ஆண்கள் கல்யாணமானதும் புதுப் பெயர் வைத்துக்கொள்வது பழைய வழக்கம். லெத்தர் சேயில் சின்ன வயதுப் பெயர், அடையாள அட்டையில் பெரியவர் பெயர், வரிச்சீட்டில் மூன்றாவதாக ஒரு எழுத்துக்கூட்டல். மூன்றும் ஒரே ஆள்தான் என்று கிராமத் தலைவரிடம் பெயர் வேறுபாட்டுக் கடிதம் வாங்க வேண்டும். சாட்சிக்கு அந்தச் சின்ன வயதுப் பெயரை அறிந்த கிழவர்கள் தேவை. அவர்கள் இருக்கும்போதே இந்த ஒரு தாளையாவது வாங்கி வைத்துவிடுங்கள், மற்றவை மெதுவாக நடக்கட்டும்.

வாரிசுக் கடிதத்தை வாரிசுகளே எழுதி, இரண்டு சாட்சிகளோடு கையெழுத்திட்டு, கிராமத் தலைவரிடமும் சாமாட்டிடமும் (தாலுகா அதிகாரி) ஒப்பம் பெற வேண்டும். ஒருவர் கையெழுத்து குறைந்தாலும் நகராது. பன்யுமாஸ் குடும்பங்களில் ஒருவர் ஹாங்காங்கிலோ மலேசியாவிலோ வேலையில் இருப்பார், இன்னொருவர் குடியேற்றத் திட்டத்தில் லம்புங் போனவரின் பிள்ளையாக இருப்பார். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தோனேசியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதி, அசலை அனுப்ப வேண்டும். வாட்ஸாப்பில் வரும் படத்தை ஏற்க மாட்டார்கள். கூடவே யாருக்கு எந்த வயல் என்று பாகப் பிரிவினைத் தாளும் எழுதினால், எல்லார் பெயரிலும் ஒரு சான்றிதழ், பிறகு பிரிப்பு என்று இரண்டு முறை அலையாமல் நேரே ஒருவர் பெயருக்கே பதியலாம்.

எல்லை விஷயத்தில் அவசரம் கூடாது. ஊரில் அளவு ‘உபின்’ கணக்கு. ஒரு உபின் சுமார் 14 சதுர மீட்டர், 500 உபின் ஒரு ‘பாவு’, ஏறக்குறைய 7,000 சதுர மீட்டர். நடவுக்கு முன் வரப்பை மண்வெட்டியால் சீவி, மேலே சேறு பூசுவார்கள். இந்தப் பக்கம் சீவியது அதிகம், அந்தப் பக்கம் பூசியது குறைவு என்றால் வரப்பு வருடத்துக்கு ஒரு விரல் நகர்ந்துவிடும். அதனால் அளந்த பரப்பு லெத்தர் சே பரப்போடு ஒத்துவருவது அபூர்வம். சண்டை போட வேண்டாம், பக்கத்து வயல்காரர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட எல்லையே செல்லும். நாலு மூலையிலும் கல் நட்டு, வரப்பு யாருடையது, நடுவில் கோடா, வெளி ஓரமா என்பதைக் கல் நடும்போதே பேசி முடித்துவிடுங்கள். அளவையாளர் அறுவடை முடிந்து அடுத்த நடவுக்கு முன் வந்தால் நல்லது. விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு உழுபவருக்கும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். ஊரில் ‘மாரோ’ என்றால் பாதிக்குப் பாதி. நிலத்தை விற்கப் போகிறார்கள் என்று அவர் நினைத்துவிட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

பக்கத்து நிலத்துக்கு ஏற்கெனவே பழைய சான்றிதழ் இருந்தால் ‘செந்துஹ் தானாஹ்கு’ எனும் நில அமைச்சகச் செயலியில் அது வரைபடத்தில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். 1990-களுக்கு முந்தைய சான்றிதழ்கள் பல வரைபடத்தில் சரியான இடத்தில் உட்காரவில்லை. பின்னால் அந்த நிலம் வரைபடத்தில் உங்கள் வயல்மேல் வந்து விழும்.

விண்ணப்பத்துக்கு இரண்டு வழி. கிராமத்துக்கு ‘பெத்தேஎஸ்எல்’ எனும் அரசுத் திட்டம் வந்தால் ஊர் முழுக்கச் சேர்த்து அளப்பார்கள். ஜாவாவிலும் பாலியிலும் தாள், கல், முத்திரைத்தாள் முதலிய கிராம அளவிலான செலவுக்கு 150,000 ரூப்பியா என்று 2017-இல் மூன்று அமைச்சர்கள் ஆணையிட்டிருக்கிறார்கள். ஆட்சேபணைக்கான அறிவிப்பு 14 நாள். திட்டம் வராவிட்டால் நீங்களே நில அலுவலகத்துக்குப் போக வேண்டும், அறிவிப்பு 30 நாள், செலவும் கூடும். திட்டம் வரும் என்றால் காத்திருப்பதே லாபம், ஆனால் தாள்கள் அதற்குள் தயாராக இருக்க வேண்டும்.

விவசாய நிலத்துக்கு இன்னொரு கட்டுப்பாடு பலருக்குத் தெரிவதில்லை. 1961-ஆம் ஆண்டு விதிப்படி உரிமையாளர் நிலம் இருக்கும் தாலுகாவிலோ, ஒட்டிய தாலுகாவிலோ குடியிருக்க வேண்டும். ஜகார்த்தா முகவரி உள்ள அடையாள அட்டையோடு வயல் வாங்கப் போனால் அங்கேயே நிற்கும். குடும்ப அட்டையை முன்கூட்டியே கிராமத்துக்கு மாற்றிவிடுங்கள். அதே போல, பாதுகாக்கப்பட்ட நஞ்சை வரைபடத்தில் வயல் இருந்தால் வீடு கட்ட முடியாது. வீடு நோக்கம் என்றால் புஞ்சையாகப் பாருங்கள்.

வரியில், வாரிசுக்குக் குறைந்தது 30 கோடி ரூப்பியா மதிப்பு வரை கழிவு உண்டு, அதற்கு மேல் உள்ளதற்கே 5 சதவீதம் வரை. சாதாரண வயலுக்கு வரி பூஜ்யமாகத்தான் வரும். பூஜ்யம் என்றாலும் படிவத்தை நிரப்பி ஒப்பம் வாங்கியாக வேண்டும். பழைய நிலவரிப் பாக்கியைக் கட்டிய ரசீதுகளும் கேட்பார்கள்.

பயணத்துக்கு ஜகார்த்தாவிலிருந்து புர்வோகெர்த்தோவுக்கு ரயில் சுமார் ஐந்து மணி நேரம், அங்கிருந்து மோட்டார் சைக்கிள்தான் வசதி. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தெருத் தலைவர் ‘பாக் எர்தே’யிடம் சொல்ல வேண்டும். கிராம அலுவலகத்துக்குக் காலையிலேயே போங்கள். ஜாவா நாட்காட்டியின் பெசார் மாதத்தில் கல்யாணங்கள் குவியும், அப்போது அதிகாரிகள் பாதி நேரம் பந்தியில் இருப்பார்கள். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் எதையும் நம்ப வேண்டாம்.

இப்போது கிடைப்பது மின்னணுச் சான்றிதழ், பழைய பச்சைப் புத்தகம் இல்லை. அதை வாங்கியதும் வரிச்சீட்டில் பெயரையும் அளந்த பரப்பையும் மாற்ற விண்ணப்பியுங்கள். அது தானாக மாறாது, அடுத்த வருடச் சீட்டும் பழைய பெயரிலேயே வந்து நிற்கும்.