மில் கட்ட வெளிக்கிட்டு பிரதேச சபைப் படியேறின கதை

எங்கட அரைக்கிற மில்லுக்கு அத்திவாரம் வெட்டி மூண்டாம் நாள் பின்னேரம் பிரதேச சபையிலயிருந்து ரெண்டுபேர் மோட்டச்சைக்கிளில வந்திச்சினம். ஒருத்தர் இறங்கி கிடங்கை எட்டிப் பாத்திட்டு "அக்கா, பிளான் பாஸ் ஆகிட்டுதோ" எண்டார். நான் "குடுத்திருக்கு, வந்திடும்" எண்டன். அவர் கோவிக்கவும் இல்ல சிரிக்கவும் இல்ல, பையுக்குள்ளயிருந்து ஒரு கடிதத்தை எடுத்துத் தந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போட்டார். வேலையை உடன நிப்பாட்டச் சொல்லிக் கடிதம். மேசன் அண்ணை அண்டைக்கே சாந்தகப்பையைக் கழுவி வாளிக்குள்ள போட்டிட்டு "பிள்ளை, பேப்பர் அலுவலை முடிச்சிட்டுக் கூப்பிடுங்கோ" எண்டு சைக்கிளை எடுத்திட்டார்.

பிழை என்ர பக்கம்தான், மறைக்க ஒண்டுமில்ல. 2025 மாசியில விண்ணப்பம் குடுத்தது, வைகாசியில அம்மா நாள் பாத்திட்டா, நல்ல நாளை விட்டா பிறகு ஆவணி எண்டா, அதோட அப்பத்தான் உள்ளூராட்சித் தேர்தல் (மே 6) முடிஞ்ச நேரம், எல்லாரும் ஆர் தவிசாளர் (சபைத் தலைவர்) எண்டு ஓடித் திரிய எங்கட கிடங்கை ஆர் பாக்கப்போகினம் எண்டு நினைச்சிட்டம். பாத்திட்டினம்.

இப்ப எங்கட பக்கம் கனபேர் கடை, மில், சேவிஸ் ஸ்ரேசன் எண்டு போட வெளிக்கிடுகினம், என்னட்ட வந்து கேக்கிறவைக்கு ஒவ்வொருக்காச் சொல்லிக் களைச்சுப்போனன், அதான் எழுதிவிடுறன். எங்கட காணி பரந்தன் முல்லைத்தீவு றோட்டால, அதான் ஏ35, எந்தச் சபை எண்டு சொல்லேல்ல, எந்தச் சபையெண்டாலும் நடைமுறை கிட்டத்தட்ட உதுதான்.

முதல் இடிச்சது காணி. எங்கடது உறுதிக்காணி இல்ல, பெர்மிட் காணி, அதாவது அரசாங்கக் காணி, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ அப்பாவுக்குக் குடுத்தது. அந்தப் பெர்மிட்டை அம்மா 2009இல சண்டைக்குள்ள இடம்பெயர்ந்து மாத்தளன் வரைக்கும் ஒரு சொப்பிங் பையுக்குள்ள சுத்தி, தன்ர பாவாடை நாடாவில கட்டிக்கொண்டு போய் பிறகு மெனிக்பாம் முகாமுக்கும் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டந்தவ. மடிச்ச இடம் நாலா கிழிஞ்சு போச்சு, உப்புத்தண்ணி பட்டு ஒரு பக்கம் மை ஊறி அப்பாவின்ர பேரில பாதி தெரியாது. கவுண்டரில இருந்த தங்கச்சி அதைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாத்திட்டு "அக்கா இதை போட்டோக்கொப்பி எடுத்தா ஒண்டும் தெரியாது, டிஎஸ் ஒபிசில (பிரதேச செயலகத்தில) காணிக்கிளையில பதிவேட்டுப் பிரதி எடுத்துக்கொண்டு வாங்கோ" எண்டா. எல்லாம் துலைச்சவை நிறையப்பேர் இருக்கினம், அவையள் முதல் பொலிசில முறைப்பாடு போட்டு அந்தத் துண்டோடதான் காணிக்கிளைக்குப் போகவேணும்.

காணிக்கிளையிலதான் எனக்கு ரெண்டு விசயம் விளங்கினது. ஒண்டு, அப்பா செத்தாப்பிறகு காணி அம்மாவுக்குத்தான் வருது, நான் பின்னுரித்தாளர் (அவவுக்குப் பிறகு காணி வாற ஆள்) மட்டும்தான், அப்ப விண்ணப்பம் அம்மாவின்ர பேரிலதான் போகவேணும். நான் என்ர பேரில போட்ட போம் முழுக்க வீண். (பின்னுரித்தாளர் ஒருத்தரையும் பதியாமல் செத்துப்போனா முந்தி ஆம்பிளைப் பிள்ளையளுக்குத்தான் முன்னுரிமை இருந்தது, 2022இல சட்டத்தைத் திருத்தி அதை எடுத்திட்டினம். எங்கட சனத்தில கனபேருக்கு உது இன்னும் தெரியாது, தம்பிமாரும் சொல்லமாட்டினம்.) ரெண்டாவது, பெர்மிட் குடுத்தது குடியிருக்கவும் பயிர் செய்யவும், அதில வியாபாரத்துக்குக் கட்டிடம் போடுறதெண்டா பிரதேச செயலாளரின்ர சம்மதக் கடிதம் வேணும். அதுக்கு ஜீஎஸ் (கிராம சேவகர்) அறிக்கை, காணி உத்தியோகத்தர் வந்து பாத்து ஒரு அறிக்கை. இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் ரெண்டு மாசத்துக்கு மேல போச்சு. சபையைப் பேசுற ஆக்கள் உதையும் நினைக்கவேணும், பைல் சபைக்குப் போகமுன்னமே பாதி வயசு போயிடும்.

வயல்காணியில மண் போட்டு நிரவிக் கட்டலாம் எண்டு நினைக்கிறவை அதை மறந்திடுங்கோ, 2000ஆம் ஆண்டுக் கமநல அபிவிருத்திச் சட்டம் இருக்கு, கமநலத் திணைக்களத்தின்ர அனுமதி இல்லாமல் வயலை நிரப்பேலாது. எங்கடது மேட்டுக்காணி எண்டபடியா தப்பினம்.

டிராப்ட்ஸ்மன் கீறித் தந்த பிளான் வடிவாத்தான் இருந்தது. ஆனா அவர் றோட்டுப் பக்கத்தை கண்மட்டத்தில போட்டிட்டார். ஏ றோட்டு சபையின்ர இல்ல, வீதி அபிவிருத்தி அதிகார சபையின்ர, அவையிட்ட வீதிக்கோடு எங்க போகுது, கட்டிடம் எவ்வளவு தள்ளி நிக்கவேணும் எண்டு கடிதம் எடுக்கவேணும். எடுத்துப் பாத்தா எங்கட முன் விறாந்தை முழுக்க கோட்டுக்குள்ள நிக்குது. திருப்பிக் கீறினம். அதோட வாசலுக்கு வாய்க்காலைக் கடக்க மதகு வேணும், அதுக்கும் அவையின்ர அனுமதிதான், குழாய் என்ன அகலம் எண்டெல்லாம் எழுதித் தருவினம். "இந்த வாய்க்காலில எப்பவும் புல்லுத்தானே" எண்டு நான் கேட்டன், அங்க இருந்த ஐயா ஒருத்தர் "2018 மார்கழியில எங்க பிள்ளை இருந்தனீர்" எண்டார். நான் பேசாமல் வந்திட்டன். அந்த வெள்ளத்தில இரணைமடுக் குளத்துக் கதவு திறந்த இரவு நாங்கள் பள்ளிக்கூடத்திலதான் படுத்தது.

இனி நான் செய்த பெரிய விசர் வேலை. வேலையை நிப்பாட்டின கடிதம் வந்த உடன எல்லாரும் சொன்னது "மெம்பரைப் பிடி" எண்டு. ஆனி தொடங்கப் புதுச்சபை வந்திட்டுது, அதுக்கு முந்தி 2023 பங்குனியிலயிருந்து தெரிவுசெய்த ஆக்களே இல்லாமல் செயலாளர்தான் எல்லாத்தையும் பாத்தவர். எங்கட வட்டார உறுப்பினர் நல்ல மனுசன், "அக்கா யோசியாதேங்கோ, இந்தமுறை கூட்டத்தில கதைக்கிறன்" எண்டார். கட்சிப் பட்டியலில வந்த மற்ற உறுப்பினரும் வீட்டை வந்து தேத்தண்ணி குடிச்சிட்டு "நான் கதைக்கிறன், அவர் கதைச்சு ஒண்டும் நடக்காது" எண்டார். ரெண்டுபேரும் கதைக்கப்போகினம் எண்டு நானும் மினக்கெட்டுக் கூட்டத்துக்குப் போய் பின்வாங்கில இருந்தன்.

முதல் எழும்பி நிண்டு ஒரு நிமிச மௌனம். பிறகு போனமாசக் கூட்டறிக்கை, அதில ஒரு சொல்லு பிழையெண்டு ஒரு பிரச்சினை, திருத்தி ஒருத்தர் முன்மொழிய இன்னொருத்தர் வழிமொழிய அது முடிஞ்சுது. வரவு செலவு அறிக்கை வந்தது, அதை ஒருத்தரும் பெரிசாக் கேக்கேல்ல, எனக்கு அதுதான் ஆச்சரியம், காசுக்கணக்கு அஞ்சு நிமிசத்தில போச்சு. பிறகு கட்டாக்காலி மாடு. றோட்டில மாடு படுத்து மோட்டச்சைக்கிள்காரர் விழுகினம், பிடிச்சு அடைக்கவேணும் எண்டு ஒருத்தர், பிடிச்ச மாட்டுக்கு வைக்கல் ஆர் போடுறது எண்டு இன்னொருத்தர், மாடு வளக்கிற சனத்தின்ர வயித்தில அடிக்காதேங்கோ எண்டு மூண்டாமவர், முக்கால் மணித்தியாலம் மாடுதான். பிறகு தெருவிளக்கு, பிறகு குப்பை றக்டர். நடுவில ஒரு அக்கா மெம்பர் எழும்பி சந்தையில பொம்பிளையளுக்கு ஒழுங்கான மலசலகூடம் இல்லை எண்டு சொன்னா, ரெண்டு நிமிசத்தில சொல்லிட்டு இருந்திட்டா, அண்டைக்கு உருப்படியாக் கதைச்சது அவதான். என்ர மில் வரவே இல்லை. கடைசியில செயலாளர் "திட்டமிடல் குழு அறிக்கை சபைக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது" எண்டு ஒரு வரி வாசிச்சார், அவ்வளவும்தான், தேத்தண்ணி வந்திட்டுது.

வெளியில வரேக்க தொழில்நுட்ப உத்தியோகத்தர், ரிஓ எண்டு சொல்லுவம், அவர்தான் படியில வைச்சு விளங்கப்படுத்தினார். "அக்கா, கட்டிட அனுமதி இந்த மேசையில வாக்கெடுத்துக் குடுக்கிற சாமான் இல்லை. அது திட்டமிடல் குழுவுக்குப் போகும், அதில பைலைப் பாத்துத்தான் சிபாரிசு, பிறகு தவிசாளர் கையெழுத்து. உங்கட பைலில மூண்டு கடிதம் குறையுது, மெம்பர் எவ்வளவு கத்தினாலும் அந்த மூண்டு கடிதமும் வராது." எங்கட இடம் நகர அபிவிருத்திப் பகுதி எண்டு அறிவிச்ச இடமாம், அதால 1978ஆம் ஆண்டு 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின்ர ஒழுங்குவிதி, அப்பிடி அறிவிக்காத ஊர்ப்பக்கம் எண்டா இன்னும் 1915ஆம் ஆண்டு வீடமைப்பு நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம்தானாம், வெள்ளைக்காரன் போட்டது. என்னெண்டாலும், மூண்டு மாசம் நான் மெம்பருக்குப் பின்னால திரிஞ்சதுக்கு ஒருநாள் இந்த மனுசனிட்டப் போய் "என்ன குறையுது" எண்டு கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும். ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்ல, நானும் கேக்கேல்ல.

எங்கட குழுவில தவிசாளர், செயலாளர், ரிஓ, பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்), நகர அபிவிருத்தி அதிகார சபையிலயிருந்து ஒருத்தர் இருந்தவை. முதல்முறை பைல் போய் "இடம் பாக்கவேணும்" எண்டு திரும்பிச்சுது. மில் எண்டபடியா பக்கத்துக் காணிக்காரரின்ர எண்ணத்தையும் கேக்கவேணுமாம். அங்கதான் மாமி.

பக்கத்து வளவு மாமி எதிர்த்துக் கடிதமே குடுத்திட்டா. எனக்கு முதல் சரியான கோவம், ஒண்டா இடம்பெயர்ந்த சனம், மாத்தளனில ஒரே பங்கருக்குள்ள இருந்தனாங்கள். குழுக்காரர் இடம் பாக்க வந்து நிண்டு கேக்கத்தான் மாமி சொன்னா, சத்தம் கூடப் பறவாயில்லை, மிளகாய் அரைக்கிற நேரம் காத்து இஞ்சாலதான் அடிக்கும், மாமாவுக்கு முட்டு (மூச்சிழுப்பு) வருத்தம், கொடியில போட்ட பிள்ளையின்ர வெள்ளைச் சட்டை சிவந்துபோம் எண்டு. பீஎச்ஐ என்னைப் பாத்தார். சோளகக் காத்து எந்தப் பக்கத்தால அடிக்குது எண்டு எனக்குத் தெரியாதோ, தெரியும், பிளான் கீறேக்க அதை யோசிக்கேல்ல, மெசினை எங்க வைச்சா வயர் குறைய முடியும் எண்டுதான் யோசிச்சது. அதிலயே நிண்டு மெசின் அறையை மற்றப் பக்கம் மாத்தவும், மாமி பக்கச் சுவரில யன்னல் வைக்காமல் முழுக்க எழுப்பவும், தூள் வெளியில போகாமல் பை கட்டவும் ஒத்துக்கொண்டன். கிணத்துக்கும் மலக்குழிக்கும் 50 அடி வேணும் எண்டார் பீஎச்ஐ, எங்கட பிளானில 38 அடி. அதையும் மாத்தினது. மாமி கடிதத்தைத் திருப்பி எடுக்கேல்ல, "நிபந்தனையோட ஆட்சேபனை இல்லை" எண்டு இன்னொண்டு எழுதித் தந்தா. அதுவும் நல்லதுதான், இப்ப பை கிழிஞ்சா அந்தக் கடிதத்தைக் காட்டிப் பேசுவா.

அடுத்தது ஒழுங்கை. பக்கத்து ஒழுங்கையாலதான் லொறி வாறது, நில அளவைப் படத்தில 12 அடி. ரிஓ நாடாவை ஒரு பக்கம் என்ர மனுசனிட்டக் குடுத்து இழுத்துப் பிடிச்சா 9 அடிதான் வருது. ரெண்டு பக்கமும் கிளுவை வேலி வருசாவருசம் அடைக்க அடைக்க உள்ளுக்க வந்திட்டுது, எங்கட பக்கம் ஒண்டரை, எதிர்ப்பக்கம் ஒண்டரை, கணக்காப் பங்குபோட்ட மாதிரி. அளவைக்கல்லைத் தேடி மண்வெட்டியால கொத்தினம், ஒரு கல்லு வேலியடியில வந்தது, மற்றது இல்லவே இல்லை, சண்டை நேரம் பங்கர் வெட்டேக்க போயிருக்கும். நில அளவையாளருக்குத் திருப்பிக் காசு. எங்கட வேலியை நாங்கள் தள்ளி அடைச்சம், எதிர்ப்பக்கம் தள்ள ஒரு மாசம் எடுத்திச்சினம், அதைப் பற்றி எழுதினா இன்னும் ரெண்டு பக்கம் வரும், ஊருக்குள்ள இருக்கவேணும் எண்டபடியா விடுறன்.

ரெண்டாம்முறை குழு கூடேக்க பைலில எல்லாம் இருந்தது. அனுமதியில்லாமல் அத்திவாரம் வெட்டினதுக்கு மேலதிகமா ஒரு கட்டணம் போட்டினம், நல்ல நாளின்ர விலை எண்டு மனுசன் இப்பவும் சொல்லிக்காட்டுவார், அதைக் கட்டி ரசீது காட்டினாப்பிறகு தவிசாளர் கையெழுத்தோட அனுமதி வந்தது. 1 வருசத்துக்குத்தான் செல்லும், முடியாட்டி முடியமுன்னம் நீடிக்கக் கேக்கவேணும். வங்கிக்காரரும் சீல் அடிச்ச அந்தப் பிளானைக் கண்டாப்பிறகுதான் கடன் பைலைத் திறந்தவை.

உதோட முடியேல்ல. மில் ஓட்டச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேற, சின்ன மில்லுக்கு சபையே குடுக்கும், பெரிசெண்டா மத்திய சுற்றாடல் அதிகார சபை. அதுக்குப் பிறகு வருசாவருசம் வியாபார உரிமம். அதோட கட்டி முடிச்சாப்பிறகு பிளான்படிதான் கட்டியிருக்கோ எண்டு பாத்துத் தாற சான்றிதழ், சீஓசி எண்டு சொல்லுவினம், அதுதான் எங்களுக்கு இப்ப நிக்குது, ஏனெண்டா மனுசன் எனக்குத் தெரியாமல் பின்பக்கம் றக்டர் விட ஒரு தகரக் கூரைப் பத்தி இறக்கிட்டார். அது பிளானில இல்ல. ரிஓ வந்து தகரத்தை அண்ணாந்து பாத்திட்டு ஒண்டும் சொல்லாமல் கொப்பியில எழுதிக்கொண்டு போறார், எனக்கு வயித்தைக் கலக்கிச்சுது. இப்ப பத்தியையும் சேத்துத் திருத்தின பிளான் குடுத்திருக்கு, அடுத்த குழுவுக்குப் போகுமாம்.

கட்டணம் எவ்வளவு எண்டு கேட்டவைக்கு, கட்டிடத்தின்ர பரப்பையும் பாவனையையும் பொறுத்து மாறும், வீட்டுக்கு ஒண்டு கடைக்கு ஒண்டு, என்ர கணக்கை வைச்சு நீங்கள் கணக்குப் போடாதேங்கோ, கவுண்டரில கேளுங்கோ. கட்டின ரசீது ஒண்டையும் எறியாதேங்கோ, சீஓசிக்குப் போனபோது முதல் கேட்டது மாசியில கட்டின விண்ணப்பப் போம் ரசீதைத்தான், அது அம்மாவின்ர சொப்பிங் பையுக்குள்ள பெர்மிட்டோட இருந்தது.