கிளப் பெயர் எழுதிய நாற்காலி

சாவு வீட்டில் இன்று நான் உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் எங்கள் தேயிலைத் தோட்ட லைன் (தொழிலாளர் குடியிருப்பு) ஃபுட்பால் கிளப்பின் பெயர், வெள்ளை பெயிண்டில், கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் மடக்கி எழுதியிருந்தார்கள்.

தார்ப்பாய், டீ அண்டா, எல்லாம் கிளப்போடதுதான். டோர்னமென்ட் நுழைவுக் கட்டணத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. நீலகிரி பந்தலூர் மழையில் குழி வெட்டப் போனதும் அதே பசங்கதான், பாதிப் பேர் ஜெர்சியோடு.

1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு, தமிழக அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீ வேலை கொடுத்தது, லைன் வீடு கொடுத்தது. சரி, சொந்தபந்தம்? மண்டபம் ராமேஸ்வரம் வரைக்கும் ஒன்றாக வந்தவர்கள் அதற்குப் பிறகு ஆளுக்கொரு திசை. இங்கே அந்த இடத்தை நிரப்பியது பாதி இந்த கிளப்தான் என்பேன்.

இது நமக்கு மட்டும் நடந்ததில்லை. 1920இல் கல்கத்தாவில் தொடங்கிய ஈஸ்ட் பெங்கால், பிரிவினைக்குப் பிறகு அகதியாக வந்தவர்களின் கிளப்பானது. இன்று கோடிகளில் புரளும் இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப்கூட 1886இல் லண்டன் வூல்விச் ஆயுதத் தொழிற்சாலை ஆட்கள் ஆரம்பித்ததுதான். ஆனால் அவர்கள் வரலாறு புத்தகமாக இருக்கிறது, நம்முடையது கிளப் பீரோவில் கரையான் அரித்த ஒரு வரவு செலவு நோட்டு.

எழுபது எண்பதுகளில் எடுத்த டீம் போட்டோ யாரிடமாவது இருந்தால் இன்பாக்ஸில் அனுப்புங்க. மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, யார் யார் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம்.