வெர்மான்ட் சரளைச் சாலையும் கூரைப் பாலங்களும்

நேற்று முழுக்க அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கிராவல் சைக்கிள், அதாவது சரளைச் சாலையில் ஓட்டும் சைக்கிள். இந்த மாநிலத்துச் சாலைகளில் பாதிக்கும் மேல் இன்னும் தார் போடாதவைதான், ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்குகிறது, உட்கார்ந்தே மிதித்தால் தொடை எரிகிறது, அப்புறம் இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரல் மரத்துப் போகிறது. ஆனாலும் அந்தக் கூரை போட்ட மரப் பாலங்களுக்காக எத்தனை மேடு வேண்டுமானாலும் ஏறலாம்!

விண்ட்சரில் கனெக்டிகட் ஆற்றின் மேல் இருக்கும் பாலம் 1866இல் கட்டியது, நீளம் சுமார் 137 மீட்டர். உள்ளே இருபுறமும் கட்டைகளைச் சாய்வாகக் குறுக்கும் மறுக்கும் பின்னிய சட்டம், இத்தியேல் டவுன் என்ற கட்டடக் கலைஞர் 1820இல் காப்புரிமை வாங்கிய முறையில் வந்தது. குதிரையை மெதுவாக நடத்திப் போகாவிட்டால் ரெண்டு டாலர் அபராதம் என்ற பலகை இன்னும் நுழைவாயிலில் இருக்கிறது. கூரை அழகுக்காக இல்லை, மழையும் பனியும் இறங்கிச் சட்டம் மக்கிப் போகாமல் இருக்கத்தான்.

இதே மாநிலத்தில் பார்ட்டன்ஸ்வில் என்ற ஊரின் கூரைப் பாலத்தை 2011இல் ஐரீன் புயல் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. 2013இல் அங்கே மறுபடியும் கூரையோடு மரப் பாலமே வந்துவிட்டது, என்னைக் கேட்டால் அதுதான் சரி. அடுத்து அந்தப் பக்கம்தான் போகிறேன், கூட வர விருப்பம் உள்ளவர்கள் சொல்லுங்கள், டயர் அகலம் மட்டும் 40 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும்.