பே யன்னலின் தலையில் ஈயம்

லண்டனில் விக்டோரியா காலத்து வரிசை வீடுகள் உள்ள எந்தத் தெருவிலும், முன்னறை யன்னல் சுவரை விட்டு வெளியே தள்ளி நிற்பதைக் காணலாம். பே யன்னல் என்பார்கள். அதன் தலையில் இருக்கும் தட்டைக் கூரை வீதியில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. வீட்டுக்காரருக்கும் மேல்மாடி யன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தால்தான் தெரியும். இரண்டரை மீற்றர் அகலம், முக்கால் மீற்றர் ஆழம், அவ்வளவே. இதற்குக் காரீயத் தகடு போடுவதை அரைநாள் வேலை என்று விலை சொல்லுகிற கூரைக்காரர்கள் இருக்கிறார்கள். பிறகு அவர்கள் போட்டதைக் கழற்ற எங்களைக் கூப்பிடுவார்கள்.

ஏறிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். கூரை முழுவதற்கும் ஒரே காரீயத் தகடு, நாலு பக்கமும் ஆணி, நடுவில் வரி வரியாய்ப் புடைப்பு, ஒரு புடைப்பின் முதுகில் மயிரிழை வெடிப்பு. வெடிப்புக்கு மேல் யாரோ தார் பூசியிருப்பார், அந்தத் தாருக்கு மேல் இன்னொருவர் சிலிக்கன் பூசியிருப்பார்.

மழையைப் பழி சொல்லிப் பயனில்லை. ஈயத்தைக் கெடுப்பது வெயில். இரண்டரை மீற்றர்த் தகடு ஒன்று 50 பாகை வெப்ப வித்தியாசத்தில் மூன்றரை மில்லிமீற்றருக்கு மேல் நீளும். கோடை வெயிலில் கறுத்த ஈயம் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும், இரவில் குளிர்ந்துவிடும். நீண்டது திரும்பிச் சுருங்க வழியிருந்தால் பிரச்சினை இல்லை. ஆணியடித்து இறுக்கி வைத்தால் அது நடுவில் மடிந்து எழும்பும். மறுநாளும் அதே இடத்தில்தான் மடியும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து முறிக்கிற கதைதான், இங்கே அதற்குச் சில வருடங்கள் எடுக்கும்.

இதனால்தான் இங்கே ஒவ்வொரு தடிப்புக்கும் அளவு வைத்திருக்கிறார்கள். ஈயத் தகட்டின் கோட் எண் என்பது ஒரு சதுர அடிக்கு எத்தனை இறாத்தல் என்ற பழைய கணக்கு. கோட் 5 என்றால் 2.24 மில்லிமீற்றர் தடிப்பு, சிவப்பு அடையாளம், சதுர மீற்றருக்கு 25 கிலோ சொச்சம். தட்டைக் கூரையில் கோட் 5 போட்டால் மூட்டுக்கு மூட்டு 600 மில்லிமீற்றர், நீளம் 2 மீற்றர், அதற்கு மேல் போகக்கூடாது. 2.4 மீற்றர் அகலமுள்ள பே என்றால் நாலு துண்டு, மூன்று மூட்டு.

இதை வீட்டுக்காரருக்கு விளங்கப்படுத்துவதுதான் கஷ்டம். ஹரோ பக்கம் எங்கடை ஊர் அன்ரி ஒருவரின் வீட்டில் படம் கீறிக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்: “தம்பி, ஒட்டுக் கூடினா ஒழுக்கும் கூடுமெல்லோ? பக்கத்து வீட்டில ஒரே தகடாத்தானே போட்டிருக்கினம்.”

“அன்ரி, மேல வந்து பாருங்கோ” என்று கூட்டிப்போய் யன்னலால் பக்கத்து வீட்டுக் கூரையைக் காட்டினேன். அலை அலையாய்ப் புடைத்திருந்தது.

“உது டிசைன் எண்டெல்லோ நான் நினைச்சன்!”

மூட்டு வருவது தண்ணீர் ஓடும் தளத்தில் இல்லை. தளத்திலிருந்து எழும்பி நிற்கும் மர ரோலின் மேல். மேற்புறம் உருட்டிய 45 மில்லிமீற்றர் மரச்சட்டம் அது. முதல் துண்டின் ஓரத்தை ரோலின்மேல் ஏற்றி, முக்கால்வாசி சுற்றவிட்டு, செப்பு ஆணியால் அடிப்போம். அதுவும் மேல்முனைப் பக்கம் மூன்றிலொரு பங்கு நீளத்துக்கு மட்டும். அடுத்த துண்டு அதை முழுதாக மூடிக்கொண்டு மறுபக்கம் இறங்கி, தளத்தில் 40 மில்லிமீற்றர் படுக்கும். அந்த ஓரத்துக்கு ஆணி கிடையாது. கைவிரலால் தூக்கலாம் போலிருக்கும். அதைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். பயந்து சிலிக்கன் விட்டு ஒட்டுகிறவர்களும் உண்டு. அதோடு ஈயம் நகர முடியாமல் போய், இவ்வளவு வேலையும் வீண்.

ஈயத்துக்கு முன் அடித்தளம். சுவரிலிருந்து முன்பக்கம் 80க்கு 1 சரிவு வேண்டும். 800 மில்லிமீற்றர் ஆழத்துக்கு ஒரு சென்ரிமீற்றர்தான், ஆனால் நூறு வருடத்து மரம் அந்த ஒரு சென்ரிமீற்றரைத் தின்றிருக்கும். ஆப்புச் சட்டம் வைத்து மீட்க வேண்டும். அதற்குமேல் பலகை, பலகைக்குமேல் பொலியெஸ்ரர் விரிப்பு. தார்த்தாள் விரித்தால் வெயிலில் இளகி ஈயத்தைப் பலகையோடு ஒட்டிவிடும், நகர விடாது. பலகைக்குக் கீழே காற்றோட்டமும் வேண்டும். முன்னறையின் ஈரப்பதம் மேலேறி ஈயத்தின் அடியில் வியர்த்தால், அடிப்பக்கம் வெள்ளைத் தூளாய் அரித்துப் போகும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

எனக்குப் பிடித்த பகுதி மூலைகள். ரோல் முடியும் இடத்திலும் சுவர் ஓரத்திலும் தகட்டை வெட்டாமல், தட்டித் தட்டி வடிவம் எடுக்க வேண்டும். இங்கே அதைப் பொஸிங் என்கிறார்கள். ஒரு கையில் மரக்கட்டை, மறுகையில் பேரிக்காய் வடிவச் சுத்தியல். முன்பு பொக்ஸ் மரத்தில் செய்தார்கள், இப்போது பெரும்பாலும் பிளாஸ்ரிக். மூலையில் ஈயம் மிஞ்சும் இடத்திலிருந்து குறையும் இடத்துக்கு அதை நகர்த்துவதுதான் வித்தை. இழுத்தால் மெலியும், மெலிந்த இடத்தில் பின்பு கிழியும். எனக்கு வேலை பழக்கிய கிழவர் நெடுநாள் காஸ் சுடரைத் தொட விடவில்லை. வெட்டி உருக்கி ஒட்டுவது விரைவு. நல்லவர் கையில் அதுவும் குறையில்லாத வேலைதான். ஆனால் ஈயம் உருக 327 பாகை வேண்டும், கீழே இருப்பதோ காய்ந்த மரம். மேற்கு சசெக்ஸில் அப்பார்க் மாளிகை 1989 ஓகஸ்ட்டில் எரிந்தது கூரை ஈயத்தைத் திருத்தியவர்களின் சுடரால்தான். ஒட்டியே ஆகவேண்டும் என்றால் நான் நிலத்தில் வைத்து ஒட்டி மேலே கொண்டுபோவேன்.

சுவர்ப்பக்கம் ஏறும் ஈயத்தைச் சுவரோடு பிணைப்பதில்லை. செங்கல் இடுக்கில் 25 மில்லிமீற்றர் வெட்டிச் செருகிய இன்னொரு தகடு அதன்மேல் மூடித் தொங்கும். முன் விளிம்பைச் செப்புக் கிளிப் பிடித்துக்கொள்ளும்.

வேலை முடிந்த அன்றே பட்டினேஷன் ஒயில் பூச வேண்டும், ஓரங்களின் அடியிலும் சேர்த்து. பூசாமல் விட்டு இரவு மழை பெய்தால், புது ஈயத்திலிருந்து வெள்ளைக் கறை வழிந்து செங்கல்லிலும் யன்னல் சட்டத்திலும் கோடு போடும். வீட்டுக்காரர் முதலில் பார்ப்பது அந்தக் கோட்டைத்தான்.

கை கழுவாமல் தேத்தண்ணிக் கோப்பையைத் தொடக்கூடாது என்பதில் கிழவர் கண்டிப்பு. இங்கே 2002ஆம் ஆண்டு விதிகளின்படி ஈய வேலையில் அதிகம் ஈடுபடுவோருக்கு இரத்தம் சோதிக்க வேண்டும். 100 மில்லிலீற்றரில் 60 மைக்ரோகிராம் வந்தால் வேலையிலிருந்து நிறுத்தி வைப்பார்கள். பிள்ளை பெறக்கூடிய நிலையிலுள்ள பெண்களுக்கு அதில் பாதி அளவிலேயே நிறுத்திவிடுவார்கள். என் வேலை உடுப்பு பிள்ளைகளின் உடுப்போடு ஒரே மெசினில் போவதில்லை.

வெட்டுத் துண்டுகளைச் சேர்த்து வைத்து பழைய உலோகக் கடையில் விற்பேன். தேவாலயக் கூரைகளில் ஈயம் களவு போவது இங்கே பெரிய தொல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உலோகக் கடைக்காரர் காசை கையில் தரக்கூடாது. அடையாள அட்டை காட்டி, பணம் வங்கிக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். அன்ரி வீட்டுப் பழைய தகடு நாற்பது கிலோவுக்கு மேல் நின்றது. அதன் பெறுமதியை அவரது பில்லில் கழித்துவிட்டேன். கழித்ததை இரண்டு தரம் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் மிச்சத்தைத் தந்தார்.