மூன்று மணிக்கு இரண்டு மதிப்பெண்

மண்டபத்தில் ஐஸ் கம்பெனிக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கையில் வேலை இருக்காது. விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். முன்பு 45 நாள். 2017இல் 61 ஆக்கினார்கள். படகு போகாவிட்டால் ஐஸ் யாருக்கு? கம்ப்ரசர் நின்றுவிடும். அதன் இரைச்சலுக்குப் பழகிய காதுக்கு அந்த அமைதி வலிக்கும்.

மூன்று வருடங்களுக்கு முன் மாசியில் என் மனைவி இறந்தாள். அந்த ஆண்டு 61 நாளும் எனக்கு முழுசாகக் கிடைத்தன.

மதுரையில் இருக்கும் மகள் தினமும் ஏதாவது ஒரு காணொளி அனுப்புவாள். மனதை வெல்வது எப்படி, மகிழ்ச்சிக்கு ஏழு வழி, இந்த வகை. "நன்றி சொல்ல நாளுக்கு மூன்று விஷயம் எழுதுங்கள் அப்பா" என்றாள். முதல் நாள் 'தண்ணீர் லாரி வந்தது' என்று எழுதினேன். மறுநாள் லாரி வரவில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

கடைசியில் அவளே வந்து என்னை ராமநாதபுரத்துக்கு, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு, அழைத்துக்கொண்டு போனாள். பக்கத்து வீட்டில் பிரஷர் பார்க்கப் போவதாகச் சொன்னேன். இந்தக் கரையில் மனநோய் என்ற சொல்லுக்கு ஒரு கனம் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. காலில் சங்கிலியோடு கிடந்தவர்களால் ஓட முடியவில்லை; 28 பேர் இறந்தார்கள். எனக்கு அப்போது கல்யாணமாகிச் சில வருடம்தான் ஆகியிருந்தது. மனநோய் என்றால் சங்கிலி என்று அன்றைக்கு மண்டையில் ஏறியது. அந்தப் பிரிவின் வாசலில் செருப்பைக் கழற்றும்போதும் அது இறங்கியிருக்கவில்லை.

உள்ளே ஆலோசகர் என்று இருந்தது என் மகள் வயதுப் பெண். என் அம்மாவைப் பற்றியோ குழந்தைப் பருவத்தைப் பற்றியோ கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். "என்ன வேலை சார்?" என்று கேட்டாள். கணக்கு எழுதுகிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே கட்டம் போட்ட தாள் ஒன்றை எடுத்தாள்.

"மணிக்கு ஒரு கட்டம். என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி. மனம் எப்படி இருந்தது என்று பத்துக்கு ஒரு மதிப்பெண். காரணம் எழுத வேண்டாம்."

காரணம் எழுத வேண்டாம் என்றதுதான் என்னைப் பிடித்தது. அதுவரை என்னோடு பேசிய அத்தனை பேரும் காரணம்தான் கேட்டார்கள், அல்லது சொன்னார்கள்.

ஒரு வாரம் எழுதினேன். கணக்கன் எழுதிய தாள், அடித்தல் திருத்தல் கிடையாது. வாரக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் இரண்டு விஷயம் தெரிந்தது. விடியற்காலை ஐந்தரைக்கு வடகடல் பக்கம் டீக்கடையில் நின்ற கட்டங்களில் ஐந்து, ஆறு விழுந்திருந்தது. நான் ஏழு நாளும் நிம்மதியே இல்லை என்றுதான் சத்தியம் செய்திருப்பேன். பிற்பகல் மூன்று மணிக் கட்டம் மட்டும் ஏழு நாளும் இரண்டைத் தாண்டவில்லை. அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று இடது பக்கம் பார்த்தேன். படுத்துக்கொண்டு, மகள் அனுப்பிய மகிழ்ச்சிக் காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூன்று மணிக்கு வேறெங்காவது போங்கள். போகத் தோன்றும்வரை காத்திருக்க வேண்டாம், மூன்று அடித்தால் எழுந்துவிடுங்கள்" என்றாள் அந்தப் பெண்.

போக ஒரே இடம்தான் இருந்தது. என் மைத்துனன் தென்கடல் பக்கம் பூவரசு நிழலில் வலை பொத்திக்கொண்டிருப்பான். தடைக்காலத்தில் எல்லாப் படகுக்காரர்களுக்கும் அதுதான் வேலை. முதல் நாள் என்னைப் பார்த்து, "வாங்க மச்சான்" என்றதோடு சரி. வலை ஊசியில் நூலேற்றி என் கையில் கொடுத்தான். கிழிசலை நேராகப் பொத்த முடியாது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். ஓரத்தில் தொங்கும் அறுந்த கண்களைக் கத்தியால் வெட்டி, கிழிசலை இன்னும் பெரிதாக்கி, முடிச்சு உறுதியாக இருக்கும் இடம் வரை போக வேண்டும். அங்கிருந்துதான் முதல் முடிச்சு. கண்ணின் அளவு மாறாமலிருக்க விரலை அளவாக வைத்துக்கொள்வான் அவன். என் விரல் தடியாக இருந்ததால் நான் போட்ட கண்களெல்லாம் பெரிதாக விழுந்தன. "உங்க வலையில பெரிய மீனா மாட்டும்" என்று சொல்லி அத்தனையையும் அவிழ்த்தான். அன்றைய மூன்று மணிக்கு நான்கு மதிப்பெண் போட்டேன். நான்குதான். அதற்கு மேல் போட்டால் பொய்க் கணக்கு.

பிறகுதான் இதைப் பற்றிப் படித்தேன். மனம் தெளிந்தால் வேலை செய்யலாம் என்று நாம் நினைக்கிறோம். வேலையை முதலில் வைத்து மனத்தைப் பின்னால் வரவிடலாம் என்று 1970களில் அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின்சன் சொன்னார். 1996இல் இன்னொரு அமெரிக்க உளவியலாளர் நீல் ஜேக்கப்சனின் குழு, எண்ணங்களை அலசித் திருத்தும் முழுச் சிகிச்சையையும் இந்த வேலைப் பகுதியை மட்டும் தனியாகவும் கொடுத்து ஒப்பிட்டது. பலனில் வித்தியாசம் இல்லை. 2017இல் வெளிவந்த கோவா ஆய்வு இன்னும் நமக்குப் பக்கம். பத்து ஆரம்ப சுகாதார நிலையங்கள், கடும் மனச்சோர்வுள்ள 495 பேர். இதே முறையில் ஆலோசனை சொன்னவர்கள் டாக்டர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். மூன்று மாதத்தில் அவர்களிடம் ஆலோசனை பெற்றவர்களில் 64 சதவீதம் பேருக்குத் தணிந்தது, மற்றவர்களில் 39.

இந்தத் துறை சொல்வதையெல்லாம் அப்படியே விழுங்க வேண்டும் என்று சொல்லவில்லை. மன உறுதி என்பது செலவழிக்கச் செலவழிக்கக் குறையும் என்று 1998இல் ஒரு பரிசோதனை வந்தது. சாக்லெட் பிஸ்கட்டை எதிரே வைத்துவிட்டு முள்ளங்கி தின்னச் சொல்லப்பட்டவர்கள், பிறகு கொடுத்த புதிரைச் சீக்கிரம் கைவிட்டார்களாம். கிட்டத்தட்ட என் ஐஸ் கட்டிக் கணக்கு, வெயிலில் வைத்தால் எடை குறையும். 2016இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து, இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து அந்தக் கருத்தைச் சோதித்தபோது ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை. அதற்குள் அதை வைத்து எத்தனை மேடைப் பேச்சு, எத்தனை காணொளி! எனக்கே மூன்று வந்திருந்தது.

ஆகவே யாராவது உளவியல் வாழ வழி சொல்லுமா என்று கேட்டால், வாழ்க்கைக்குச் சொல்லுமா என்பது எனக்குத் தெரியாது, மூன்று மணிக்குச் சொன்னது என்பேன். என் மைத்துனனுக்குப் படகின் மேல் கடன் இருக்கிறது. இரவில் அவனுக்குத் தூக்கம் வருவதில்லை. அவனிடமும் கட்டம் போட்ட தாளை நீட்டினேன். "இதை வட்டிக்காரர் வாங்கிக்கொள்வாரா மச்சான்?" என்று கேட்டான். நான் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அந்த மருத்துவமனைப் பெண்ணிடமும் இதற்குப் பதில் இருந்திருக்காது. ஆனால் இருப்பதாக அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

ஜூன் முதல் வாரம் கம்ப்ரசரை ஓட்டினார்கள். ஒரு கட்டி உறைய ஏறத்தாழ ஒரு நாள் ஆகும், அதனால் முன்கூட்டியே தொடங்க வேண்டும். 14ஆம் தேதி காலையிலிருந்து வண்டி வண்டியாக ஐஸ் ஏறியது. இருட்டும் நேரத்தில் மைத்துனனின் ஆள் வந்து நின்று, போன வருடப் பாக்கியைப் பிறகு பார்க்கலாம், இன்னும் பத்துக் கட்டி வேண்டும் என்றான். முதலாளி என் முகத்தைப் பார்த்தார். நான் பேரேட்டைப் புரட்டி, பற்றில் எழுதினேன். அன்றைய கட்டத் தாளை இப்போதும் வைத்திருக்கிறேன். காலை பத்து மணிக்குப் பிறகு அதில் எதுவும் எழுதவில்லை.