கசப்பு பக்வீட் தோசை: நாலாவது ஈட்டில் கசப்பு போனது

நேற்று ராத்திரி ஊற்றிய தோசை கசக்கவில்லை. மகள் இரண்டு சாப்பிட்டாள். முதல் தடவை ஒரு விள்ளல் வாயில் வைத்துவிட்டு, "அப்பா, இது கசாயத்துல கரைச்சதா?" என்று கேட்டவள் அவள்தான்.

பக்வீட் என்பது தானியம் போல அரைத்துச் சாப்பிடும் ஒரு விதை. அதில் சாதாரண வகையோடு எனக்குத் தகராறே இல்லை. வடநாட்டுக்காரர்கள் விரதத்துக்கு வாங்கும் குட்டு மாவு அதுதான், இங்கே சிங்கப்பூரில் தேக்காவில் கிடைக்கிறது. அரைத்த உளுந்தோடு கலந்தால் தோசை வந்துவிடும். 100 கிராமில் புரதம் 13 கிராம், மக்னீசியம் 230 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. வெள்ளை அரிசியில் புரதம் 7 கிராம்தான். அரிசியில் குறைவான லைசின் என்ற அமினோ அமிலமும் இதில் தாராளம். அதோடு நிறுத்தியிருக்கலாம். ருட்டின் என்ற தாவரச் சத்து பற்றிப் படித்ததுதான் வினை. சாதாரண வகையில் 100 கிராமுக்குச் சில பத்து மில்லிகிராம் இருக்கும் ருட்டின், டார்ட்டரி எனும் கசப்பு வகையில் ஒரு கிராமையே தொடும். ஆன்லைனில் 2 கிலோ மாவு வரவழைத்தேன். தபால் செலவோடு 28 வெள்ளி.

கசப்பு எங்கிருந்து வருகிறது என்றால், ருட்டினை உடைக்கும் நொதியும் அதே விதையில் உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் பட்ட சில நிமிடத்தில் ருட்டின் உடைந்து குவெர்செட்டின் என்ற வேறொரு பொருளாக மாறும். மாவு மஞ்சளாகும், நாக்கு சுருங்கும். ராத்திரி முழுக்கப் புளிக்க வைக்கும் நமக்கு இதைவிட மோசமான மாவு கிடையாது.

முதலில் ரவை மாதிரி வாசனை வரும்வரை வறுத்தேன். கசந்தது. வெறும் சூட்டுக்கு அந்த நொதி மசியவில்லை. அடுத்து இடியாப்பத்துக்குப் போல கொதிநீர் ஊற்றிப் பிசைந்தேன்; கட்டிகளை உடைத்தால் உள்ளே மஞ்சள். அப்போதுதான் அம்மா முறுக்குக்கு மைதாவைத் துணியில் கட்டி அவிப்பது ஞாபகம் வந்தது. மூட்டையாகக் கட்டி 20 நிமிடம் அவித்தேன். வெளிப்பக்கம் அருமை, நடுவில் பழைய கதை. நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேர்வதற்குள் ஈரம் முந்திக்கொண்டு சேர்ந்துவிடுகிறது என்பது என் கணக்கு.

இந்த முறை இட்லித் தட்டில் துணி விரித்து, அரை விரல்கடை உயரத்துக்கு மேல் போகாமல் மாவைப் பரப்பினேன். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே தட்டை உள்ளே வைத்தேன். 10 நிமிடம். மூடியிலும் துணி கட்ட வேண்டும், மறக்கவே கூடாது! முதல் தட்டில் மூடியிலிருந்து சொட்டிய இடமெல்லாம் மஞ்சள் புள்ளி. ஆறியதும் உதிர்த்து, சலித்து, மின்விசிறிக்கு அடியில் காயப்போட்டேன். வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில், இந்த மழைக்காலத்தில், அது காய ஒரு பகல் முழுக்க ஆனது.

உண்மையைச் சொன்னால், குவெர்செட்டின் ஒன்றும் உடம்புக்கு ஆகாத பொருள் இல்லை. சத்து என்று பார்த்தால் பெரிய நஷ்டம் கிடையாது. நான் சண்டை போட்டது நாக்குக்காக.

சைனாடவுனில் விற்கும் கசப்பு பக்வீட் தேநீரை அரைத்துப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: நான் வாங்கிய கறுப்பு மணிகள் முழு விதையே இல்லை, மாவைப் பிசைந்து செய்த உருண்டைகள். குடிக்க நன்றாக இருக்கிறது, தோசைக்கு ஆகாது. குட்டு மாவை மட்டும் மோந்து பார்த்து வாங்குங்கள். போன மாதம் ஒரு கடையில் வாங்கிய பாக்கெட்டைப் பிரித்ததும் பழைய எண்ணெய் நாற்றம். வீட்டுக்கு வந்ததும் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுவது நல்லது.

ஜப்பானில் ஹொக்கைடோவுக்காக மன்தென் கிராரி என்று ஒரு ரகம் உருவாக்கியிருக்கிறார்கள். டார்ட்டரிதான், ஆனால் அந்த நொதி மிக மிகக் குறைவு. அந்த மாவு கிடைத்தால் அவிக்கிற வேலையே இல்லை. டிசம்பரில் மைத்துனர் அந்தப் பக்கம் போகிறார், சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆனால் தோசை இன்னும் சரியாகவில்லை. உளுந்து 1, இட்லி அரிசி 2, அவித்த மாவு 1 என்று போட்டேன். திருப்பும்போது ஓரம் பிய்கிறது. அவித்ததில் மாவின் பசை போய்விட்டது போல. நாளைக்கு உளுந்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கிறேன்.