சித்தப்பா கேட்டது: படத்தில் காற்று எங்கே இருக்கிறது?

2020 டிசம்பர் 3 ராத்திரி பாம்பனில் எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. புரெவிப் புயல் முந்தின ராத்திரிதான் திரிகோணமலைப் பக்கம் கரையேறி, இலங்கையைக் குறுக்காகக் கடந்து மன்னார் வளைகுடாவில் இறங்கி, ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக வலுக்குறைந்து, ராமநாதபுரத்துக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் அப்படியே நின்றுவிட்டது. கரையைக் கடக்கவும் இல்லை, விலகிப் போகவும் இல்லை. சித்தப்பா மத்தியானமே தன் சின்ன மீன்பிடிப் படகான வல்லத்தை மேட்டில் ஏற்றி, தென்னையோடு சேர்த்துக் கட்டிவிட்டு, என்ஜினைக் கழற்றித் திண்ணைக்குக் கொண்டுவந்திருந்தார். கரண்ட் இல்லை. போனில் மிச்சமிருந்த சார்ஜில் இன்சாட் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து காட்டினேன். சிவப்பும் மஞ்சளுமாக ஒரு மேகக் குவியல். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தவர், "இதுல காத்து எங்கடா இருக்கு? மேகம்தானே தெரியுது" என்றார்.

அது மிகச் சரியான கேள்வி. படத்தில் காற்று இல்லை. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிற இன்சாட்-3டிஆர், 3டிஎஸ் மாதிரியான செயற்கைக்கோள்கள் புயலின் காற்றை நேராக அளப்பதில்லை. அவை பார்ப்பது மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைத்தான். இடிமேகம் எவ்வளவு உயரம் எழும்புகிறதோ அவ்வளவு குளிரும், மைனஸ் 70 டிகிரிக்குக் கீழேகூடப் போகும், அந்தக் குளிருக்குத்தான் படத்தில் நிறம் போடுகிறார்கள். அமெரிக்காவில் புயலுக்குள் விமானத்தை ஓட்டிப்போய் அளக்கிறார்கள், நம் வங்காள விரிகுடாவில் அப்படி வழக்கமாகப் போகிற விமானம் கிடையாது. கப்பல்களும் புயலைக் கண்டால் விலகித்தான் போகும். அப்படியானால் செய்தியில் வாசிக்கிற "மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகம்" எங்கிருந்து வருகிறது?

வெர்னான் டிவோராக் என்ற அமெரிக்க வானிலை ஆய்வாளர் 1970-களில் ஒரு முறையைக் கண்டுபிடித்தார், 1984-ல் அதை இன்னும் செம்மைப்படுத்தினார். அதன் அடிப்படை ஒன்றுதான்: ஒரே மாதிரி வலுவுள்ள புயல்களின் மேகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சுருளும். நம் பெரியவர்கள் வானத்தைப் பார்த்துச் சொல்வார்களே, அதேதான், ஆனால் அளவுகோல் வைத்து. மேகப் பட்டை மையத்தைச் சுற்றி எவ்வளவு தூரம் வளைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அதை வைத்துப் புயலின் வலுவுக்கு ஓர் எண் போடுவார்கள், அதுதான் டி எண். பாதிச் சுற்று வளைந்திருந்தால் ஏறக்குறைய டி 2.5, முழுச் சுற்றும் வந்துவிட்டால் டி 4 பக்கம். நடுவில் மேகமில்லாத வட்டமாகக் கண் திறந்துவிட்டால் கணக்கு மாறும்: கண்ணுக்குள் எவ்வளவு வெதுவெதுப்பு, சுற்றியிருக்கிற வளையம் எவ்வளவு குளிர், இரண்டுக்கும் வித்தியாசம் கூடக் கூட எண்ணும் ஏறும். 1-ல் தொடங்கி 8 வரை, அரை அரையாக. டி 2.5 என்றால் மணிக்கு 65 கிலோமீட்டர், நம் கணக்கில் அது புயல். வானிலைத் துறையின் ஆங்கில அறிக்கையில் இந்த டி எண் அப்படியே இருக்கும், தமிழில் நமக்கு வந்து சேரும்போது அது விழுந்துபோய் வேகம் மட்டும்தான் மிஞ்சுகிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அந்த எண்ணைப் பார்த்தால்தான் இது கணிப்பு, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்பது புரியும். டி 1.5-க்கும் 2-க்கும் நடுவே மணிக்கு ஒன்பது, பத்து கிலோமீட்டர் வித்தியாசம். விசைப்படகுக்கு அது பெரிதாகத் தெரியாது, வல்லத்தில் நிற்கிறவருக்குத் தெரியும்.

நம் கரையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இலங்கை மேல் ஏறி இறங்கி வருகிறவை பெரும்பாலும் வலுக்குறைந்து, உருக்குலைந்துதான் வரும். கண் இருந்தால் மையத்தைக் குழந்தைகூடக் காட்டிவிடும். உருக்குலைந்ததற்கு மையம் எங்கே என்று தேட வேண்டும். மேலே வீசுகிற காற்று மேகத்தை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போயிருக்கும், சுழல் அதற்கு வெளியே கீழே தாழ்வான மேகத்தில் கிடக்கும். பகலில் என்றால் வெளிச்சப் படத்தில் அந்தச் சுழலைப் பார்த்துவிடலாம். ராத்திரி அகச்சிவப்புப் படம்தான், அதில் தாழ்வான மேகத்துக்கும் கடலுக்கும் வெப்பத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது, சுழல் கடலோடு கடலாக மறைந்துபோகும். ராத்திரி முழுக்க மையம் ஓரிடம் என்று நினைத்திருப்பார்கள், விடிந்ததும் வேறு இடத்தில் இருக்கும். மழையும் மையத்தோடு நிற்பதில்லை. புரெவி எங்கள் வாசலில் நின்றபோது கொட்டித் தீர்த்தது எங்கேயோ இருக்கிற சிதம்பரம், கடலூர் பக்கம்.

சரி, காற்றை நேராக அளக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 2022 நவம்பர் 26-ல் இஸ்ரோ அனுப்பிய ஓஷன்சாட்-3-ல் ஸ்கேட்டரோமீட்டர் என்ற கருவி இருக்கிறது. அது ரேடார் அலையைக் கடல் மேல் அடித்து, காற்றில் தண்ணீர் சிலிர்த்துக்கொண்டு நிற்கிற சிற்றலையிலிருந்து திரும்பி வருவதை வைத்து வேகத்தையும் திசையையும் சொல்லும். சித்தப்பா கரையில் நின்று தண்ணீரின் சிலிர்ப்பைப் பார்த்தே "வாடை ஏறுது" என்பாரே, அதே வேலை. ஆனால் இது தாழப் பறப்பது, ஒரே இடத்தில் நிற்காது, நமக்கு வேண்டிய நேரத்தில் நம் தலைக்கு மேல் இருக்காது. பெருமழை குழப்பும். தரை பக்கத்தில் இருந்தால் அதன் எதிரொலியும் கலந்துவிடும். தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், ஆழத்துக்குப் போய்விட்டால் பரவாயில்லை, வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், இந்தப் பக்கம் நம் கரை, அந்தப் பக்கம் யாழ்ப்பாணம், நடுவில் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

இதையெல்லாம் குறை சொல்வதற்காக எழுதவில்லை. 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடிக்குப் புயல் வந்தபோது வானத்தில் அமெரிக்காவின் டிரோஸ் வகைச் செயற்கைக்கோள்கள் இருந்தன, ஆனால் அவை சுற்றிச் சுற்றிப் போகிறவை, எப்போதோ ஒரு படம். நம் தலைக்கு மேலேயே நின்று பார்க்கிற நம்முடைய செயற்கைக்கோள் வேலைக்கு வந்தது 1983-ல் இன்சாட்-1பி மூலமாகத்தான். என் அப்பத்தா அந்த ராத்திரியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "சொல்ல ஆளில்லையே" என்பார். இப்போது ஒரு செயற்கைக்கோளிலிருந்து அரை மணிக்கு ஒரு படம், இரண்டு செயற்கைக்கோள்களின் படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தால் கால் மணிக்கு ஒன்று. 2024 பிப்ரவரி 17-ல் இன்சாட்-3டிஎஸ் வேறு போயிருக்கிறது.

போன ஐப்பசியில் தாழ்வு மண்டலம் ஒன்று உருவாகிறது என்று செய்தி வந்த அன்றைக்குச் சித்தப்பா போன் பண்ணினார். கடலுக்குப் போக அனுமதிக்கிற டோக்கன் உண்டா இல்லையா என்று முதலில் கேட்கவில்லை. "டி எவ்வளவு போட்டிருக்கான்?" என்றார். 1.5 என்றேன். "ராத்திரிப் படமா, விடிஞ்ச படமா?" ராத்திரிப் படம் என்றேன். சரி, விடிஞ்சதும் பார்த்துச் சொல்லு, அதுவரைக்கும் ஐஸ் வாங்கலை என்று வைத்துவிட்டார்.